கடை பூட்டினால் யாருக்கு நட்டம்?

யாழ்ப்பாணத்தில் ஓர் அநியாயம் நடந்தால் முதலில் வருவது கர்த்தால் அறிவிப்புத்தான். கஸ்தூரியார் வீதிக் கடைகள் கதவை இறக்கும். மினிபஸ் ஓடாது. மருந்துக்கடை மட்டும் பாதிக் கதவோடு இருக்கும். மாலையில் ‘பூரண ஆதரவு’ என்று செய்தி வரும். அதில் விருப்பம் எவ்வளவு, பக்கத்துக் கடையைப் பார்த்துப் பூட்டியது எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை.

கர்த்தாலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் என்றைக்கும் சிறு தொகையாகவே இருக்கப்போகிறவர்களுக்குத் தெருவும் ஒரு சபைதான். 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி, அரிசி விலையேற்றத்துக்கு எதிரான கர்த்தால் கொழும்பையே நிறுத்தியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். யாழ்ப்பாணம் மட்டும் நின்றால் கொழும்புக்கு என்ன நட்டம்? திருநெல்வேலிச் சந்தைக்குக் கீரைப்பிடி கொண்டுவரும் தோட்டக்காரருக்கும் நாட்கூலிக்காரருக்கும்தான் அன்றைய பிழைப்புப் போகும்.

1961இல் தமிழரசுக் கட்சி வேறு வழியில் போனது. தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, பெப்ரவரி 20ஆம் திகதி செல்வநாயகம் தலைமையில் தொண்டர்கள் யாழ். கச்சேரி வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். பொலிஸ் அடித்தும் எழும்பவில்லை. முடங்கியது சந்தையல்ல, அரச நிர்வாகம். மற்றத் தமிழ் மாவட்டங்களுக்கும் அது பரவியது. ஏப்ரலில் சொந்த முத்திரை அடித்துத் தபால் சேவையும் தொடங்கினார்கள். அரசுக்கு உறைத்தது, உறைத்ததால்தான் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்தன. தலைவர்கள் தடுப்புக்காவலுக்குப் போனார்கள், தனிச் சிங்களச் சட்டம் அசையவில்லை. சரியான இடத்தில் கைவைத்தால் வெற்றி நிச்சயம் என்று இதைக் காட்டி வாதாட முடியாது.

2021 ஜனவரி 8 இரவு யாழ். பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்; 11ஆம் திகதிக்குக் கர்த்தாலும் அறிவிக்கப்பட்டது. அன்று விடியமுன்னரே துணைவேந்தர் வந்து மாணவர்களின் விரதத்தை முடித்துவைத்து, புதிய தூபிக்கு அடிக்கல்லும் நாட்டிவிட்டார். கடைகள் அதற்குப் பிறகும் பூட்டித்தான் கிடந்தன! கேட்டது ஒரு தூபி, அதைத் தரக்கூடியவர் வளாகத்துக்குள்ளேயே இருந்தார். வரவிருந்த கர்த்தால் அவரை நெருக்கியிருக்கலாம். பூட்டிய கடை புதிதாக எதையும் பெற்றுத்தரவில்லை.

2025 ஆகஸ்ட் 18ஆம் திகதி, முத்தையன்கட்டில் ஓர் இளைஞர் இறந்ததை அடுத்து, வடக்கு கிழக்கின் இராணுவப் பிரசன்னத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி அழைத்த கர்த்தாலில் யாழ். நகரில் பல கடைகள் திறந்தே இருந்தன. இன உணர்வு செத்துவிட்டது என்று சிலர் புலம்பினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நியாயமான, ஆனால் ஒரு நாளில் எவராலும் தரமுடியாத கோரிக்கைக்காக ஒரு நாள் வியாபாரத்தை விடச்சொன்னார்கள். வியாபாரி கணக்குப் பார்த்தார்.