பதினைந்து, முப்பது, ஐந்து

கலிபோர்னியாவில் காரைச் சாலையில் இறக்க இன்ஷூரன்ஸ் வேண்டும். எவ்வளவுக்கு வேண்டும் என்பதையும் மாநிலச் சட்டமே சொல்லிவிடும். 1967-இல் நிர்ணயித்த அளவு 15/30/5. உங்கள் தவறால் அடிபட்ட ஒருவருக்கு 15,000 டாலர் வரை, எத்தனை பேர் அடிபட்டாலும் மொத்தம் 30,000, இடிபட்ட வண்டிக்கோ வேலிக்கோ 5,000. உங்கள் காருக்கும் உங்கள் எலும்புக்கும் இதில் ஒரு காசும் கிடையாது. இந்த அளவு 2024 கடைசி வரை ஒரு டாலர்கூட நகரவில்லை. விலைவாசி உயர்வைச் சேர்த்தால் அன்றைய 15,000 டாலருக்கு இன்றைய மதிப்பு ஏறத்தாழ 1,40,000. 2025 ஜனவரியில் 30/60/15 ஆக்கினார்கள். உயிருக்கான தொகை இரட்டிப்பானது உண்மைதான். ஆனால் 1967-இன் மதிப்பில் அது கால் பங்குகூட இல்லை.

அதற்காகக் கட்டாயக் காப்பீடே வீண் என்று சொல்லிவிட முடியாது. கட்டாயம் இல்லாத காலத்தில், இடித்தவன் ஓட்டாண்டியாக இருந்தால் அடிபட்டவருக்குக் கிடைப்பது தீர்ப்பு நகல் மட்டுமே. 1925-இல் கனெக்டிகட் மாநிலம் அரைகுறையாக ஒரு வழி கண்டது: விபத்து நடந்த பிறகு, இனிமேல் இழப்பீடு தரும் சக்தி உண்டு என்று நிரூபித்தால் போதும். முதல் விபத்தில் சிக்கியவரின் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை போலும். மாசசூசெட்ஸ்தான் 1927-இல் முதன்முதலாக, எல்லோரும் முன்கூட்டியே காப்பீடு எடுத்தாக வேண்டும் என்றது. வேடிக்கை என்னவென்றால், அதை எதிர்த்தவர்களில் காப்பீட்டு நிறுவனங்களும் உண்டு. வாடிக்கையாளரைச் சட்டமே பிடித்துத் தருகிறது. ஆனால் கூடவே பிரீமியத்திலும் அரசு கை வைக்கும், மோசமான ஓட்டுநர்களையும் ஏற்கச் சொல்லும் என்பது அவர்கள் அச்சம்.

சட்டத்தின் உண்மையான பலவீனம், குறைந்தபட்சத்தை யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தால் தெரியும். வீடும் சேமிப்பும் உள்ளவர் வழக்கில் அவை பறிபோகுமே என்று தாமாகவே கூடுதல் தொகைக்கு எடுப்பார். சொத்தே இல்லாதவருக்கு அந்தப் பயம் இல்லை. வரம்புத் தொகையைக் கம்பெனி கொடுத்தபின் மிச்சத்துக்கு அவர்மேல் வழக்குப் போட்டு வென்றாலும், சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடிக்கலாமே தவிர வசூலாவது அரிது. ஆக, சட்டத்தின் எண் பெரும்பாலும் ஏழைகளைத்தான் கட்டுகிறது. அடிபட்டவருக்கு என்ன கிடைக்கும் என்பதோ, இடித்தது யார் கார் என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. விவரம் தெரிந்தவர்கள் மற்றவரின் குறைவான காப்பீட்டை எதிர்பார்த்துத் தங்கள் பாலிசியிலேயே அதற்கும் தனியாகப் பணம் கட்டுகிறார்கள். சாலையில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குக் காப்பீடே இல்லை என்று காப்பீட்டுத் துறை ஆய்வுகள் மதிப்பிடும் நாட்டில் இது வீண் எச்சரிக்கை அல்ல.

வரம்பை உயர்த்தினால் பிரீமியம் ஏறும், பிரீமியம் ஏறினால் இன்னும் பலர் காப்பீடின்றி ஓட்டுவார்கள் என்பது பழைய எதிர்வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. பஸ்ஸோ ரயிலோ எட்டாத ஊர்களில் கார் இல்லையென்றால் வேலையும் இல்லை. ஆனால் இந்த வாதம் ஒரு விஷயத்தை மறைக்கிறது. 30,000 டாலர் ஏன் போதவில்லை? அறுவை சிகிச்சையோடு சில நாள் படுக்கை என்றாலே ஆஸ்பத்திரி பில் அதை விழுங்கிவிடும். எல்லோருக்கும் பொதுவான மருத்துவக் காப்பீடு இல்லாத நாட்டில், அந்தப் பில்லின் ஒரு பகுதி கார் பிரீமியத்தின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் உடல் சேதத்துக்கான கட்டாயக் காப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. அங்கே சிகிச்சைக்காக யாரும் கடனாளி ஆவதுமில்லை. ஒன்றைத் தொடாமல் மற்றதை மட்டும் சரிசெய்வது கடினம்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நியூ ஹாம்ப்ஷயரில் பெரும்பாலோருக்குக் காப்பீடே கட்டாயமில்லை. வர்ஜீனியாவில் 2024 நடுப்பகுதி வரை ஆண்டுக்கு 500 டாலர் கட்டணம் செலுத்திவிட்டுக் காப்பீடின்றி ஓட்ட முடிந்தது. அந்தப் பணமும் அடிபட்டவருக்குப் போகவில்லை. புளோரிடா 10,000 டாலர் சொந்தக் காயத்துக்கும் 10,000 டாலர் பிறர் சொத்துக்கும் கேட்கிறது. பிறர் உடலுக்கு ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு கேட்பதில்லை. வேலிக்கு உள்ள உத்தரவாதம் ஆளுக்கு இல்லை! அதை மாற்றும் மசோதாவை 2021-இல் ஆளுநர் தடுத்தார்.

வட கரோலினா 2025 ஜூலையில் 50/100/50 என்று துணிந்து உயர்த்தியது. பாராட்டலாம், ஆனால் அதுவும் அங்கேயே நின்றுவிட்டால் சில பத்தாண்டுகளில் கலிபோர்னியாவின் கதைதான். வருமான வரிப் படிகளை விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் நகர்த்துகிற நாடு இது. இந்த எண்ணையும் நகர்த்த வழியில்லாமல் இல்லை. பிரீமியம் கட்ட முடியாதவர்களுக்கோ வேறு ஏற்பாடு வேண்டும். கலிபோர்னியா 1999-இல் வருமானம் குறைந்தவர்களுக்கென்று மலிவுக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைச் சட்டமாக்கியது. விலையைக் குறைக்க அது கண்ட வழி, வரம்பையும் குறைப்பது: 10/20/3. தன் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்துக்கும் கீழான ஒன்றை மாநிலமே வகுத்துத் தந்தது. குறைகிற பணம் மானியமாக வரவில்லை; அடிபடப்போகும் யாரோ ஒருவரின் பங்கிலிருந்து கழிக்கப்பட்டது.