எண்ணிக்கையும் தீர்ப்பும்

ஒரு பாட்டு எத்துணைப் பேரைக் கவர்ந்தது என்பது ஒன்று; அஃது எத்துணைச் சிறந்தது என்பது வேறொன்று. அமெரிக்காவில் 1990இல் தோன்றிய பில்போர்டு இசை விருதுகள், விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கணக்கிட்டே பெரும்பாலும் பரிசளித்தன. அங்கே கணக்கனே நடுவன்! அதற்கு நான்காண்டு முன்னரே, 1986இல், நம் நாட்டின் டிவி 3 தொடங்கிய ‘அனுகெரா ஜுவாரா லாகு’ வேறு வழி கண்டது. ‘மூசிக்-மூசிக்’ நிகழ்ச்சியின் வாரப் பட்டியலில் மேலேறிய மலாய்ப் பாடல்களே போட்டிக்கு வந்தன. ஆயின் முடிவு கூறியோர் நடுவர் குழுவினர்.

பாட்டை ஆக்கியோரைச் சிறப்பிப்பது இவ்விழாவின் நோக்கம். முதலாண்டில் வென்ற ‘செகாடார் டி பிங்கிரான்’ பாட்டுக்கு இசை மானான் ஙா. சொல் லுக்மான் எஸ். ஆயினும் நினைவில் நிற்பவர் பாடிய பிரான்சிஸ்கா பீட்டரே. 1996இல் வென்ற பாட்டால் சித்தி நூர்ஹலிசாவை அறிந்த நம்மவருள், அதற்கு இசையமைத்த அட்னான் அபு ஹசானை அறிந்தார் எத்துணைப் பேர்? கோலா பிலாத் தோட்டங்களில் தமிழ்ப் பாட்டுக் கேட்போரிடமும் இக்குறை உண்டு.

நிற்க. பட்டியலில் ஏறாத நற்பாட்டு நடுவர் செவிக்கு எட்டுவதே இல்லை. அத்தகைய ஓரிரு பாடல்களை நடுவர் தாமே சேர்த்துக்கொள்ள இடமளித்தால் என்ன?