கட்டுரை எழுதினால் கல்லூரியா?

மதிப்பெண் பட்டியல் வேண்டா, தகுதித் தேர்வு எண் வேண்டா, பரிந்துரை மடலும் வேண்டா. நான்கு கட்டுரைகள் எழுதி அனுப்புக, பேராசிரியர் படித்துத் தகுதி கண்டால் கதவு திறக்கும் என்று 2013-ஆம் ஆண்டு அறிவித்தது, அமெரிக்க நாட்டு நியூயார்க் மாநிலத்தின் பார்டு கல்லூரி. கட்டுரை ஒன்றுக்கு 2,500 சொற்கள். படிக்க வேண்டிய மூலநூற் பகுதிகளையும் கல்லூரியே இணையத்தில் வைத்தது. அக்கல்லூரியின் தலைவராயிருந்த லியான் பாட்ஸ்டைன், உயர்நிலைப் பள்ளி காலங்கடந்த அமைப்பு, பதினாறு வயதில் இளைஞரை அதிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 1997-லேயே நூல் எழுதியவர். பள்ளி முடியுமுன் மாணவரை ஏற்பதற்கென்றே 1966-இல் எலிசபெத் ஹால் அம்மையார் தொடங்கிய சைமன்ஸ் ராக் கல்லூரியும் பின்னாளில் பார்டுடன் இணைந்தது.

இம்முறையை இங்கும் கொணர்ந்தால் என்ன என்று கேட்கும் நண்பர்கள் உளர். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதைத் தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

முத்துக்குளிப்பு நடந்த நாளில் இக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. குளிப்பை அறிவிக்குமுன் ஆட்சியினர் மன்னார் வளைகுடாவின் பார்களிலிருந்து சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பர், திறப்பர், உள்ளே கிடைத்த முத்தை மதிப்பிட்ட பின்னரே நாள் குறிப்பர். 1961-இல் நடந்த கடைசிக் குளிப்பு வரை இதுவே முறை. ஓட்டின் பளபளப்பைக் கண்டு முத்தின் விலை சொன்னவர் எவருமிலர்! நம் கல்வித்துறையோ இன்று ஓட்டைத்தான் எண்ணிக் கொண்டிருக்கிறது. 2017 முதல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு வாயிற்காவலாக நிற்கும் நீட் தேர்வைப் பாருங்கள். நான்கு விடையில் ஒன்றைக் கருக்கும் பயிற்சி, அப்பயிற்சிக்கு விலை, அவ்விலை கொடுக்க இயலாதவன் தகுதியற்றவனாம்! 2022-இல் நடுவண் பல்கலைக்கழகங்களின் வாயிலிலும் இதே வகைப் பொதுத் தேர்வை நிறுத்திவிட்டனர். இவற்றோடு ஒப்பிட்டால், மாணவனை எழுத வைத்து, அவன் எண்ணத்தைத் திறந்து பார்க்கும் முறை உயர்ந்ததே. இதை ஒப்புக் கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் கட்டுரை என்றவுடன் அது சிந்தனையின் கண்ணாடி என்று மயங்கிவிட வேண்டா. சீன நாட்டைப் பாருங்கள். அரசுப் பணிக்கு எட்டுறுப்புக் கட்டுரை எழுதச் சொல்லி நூற்றாண்டுக் கணக்கில் தேர்வு நடத்தினர். எவரும் எழுதலாம், ஏழையும் எழுதலாம் என்றே விதி. நடந்தது என்ன? பழைய நூல்களை உருப்போட்டு, வகுத்த அச்சில் வார்த்தவன் வென்றான். ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படிக்க வீட்டில் சோறும் ஆசிரியரும் இருந்தவனுக்கே அது எளிதாயிற்று. அந்தத் தேர்வு முறையையே 1905-இல் அவர்கள் தூக்கி எறிந்தார்கள்.

அவ்வளவு தொலைவும் போக வேண்டா, குடந்தை போதும். கணிதமேதை இராமானுசன் 1904-இல் அங்குள்ள அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் நுழைந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் தேறவில்லை. 1918-இல் இலண்டன் இராயல் கழகம் உறுப்பினராக ஏற்றது அதே மனிதரைத்தான். அக்கிரகாரத்துப் பிள்ளைக்கே பிறமொழிக் கட்டுரை இப்படிக் குழி பறித்ததென்றால், திரேஸ்புரத்து மீனவர் மகனுக்கு அது என்ன செய்யும்?

அந்தப் பிள்ளைக்கு நாம் பள்ளியில் கட்டுரை என்று எதைக் கற்பிக்கிறோம்? முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவே இரண்டு மேற்கோள். ‘கடல் வளம்’ என்று தலைப்புக் கொடுத்தால், வாடையும் கொண்டலும் அறிந்தவன், நீவாடு பார்த்து வலை விடும் தந்தைக்குப் பிறந்தவன், வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து எழுதுகிறான்! கடலையே பாராதவர் எழுதிய நூலாகவும் அது இருக்கலாம். தன் கண் கண்டதை எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற அச்சம். இந்த அச்சத்தைப் போக்காமல் கட்டுரைத் தேர்வு வைப்பது, வலை கொடுக்காமல் மீன் கேட்பதாகும்.

இளம் வயதில் கல்லூரி என்பதும் நமக்குப் புதிதன்று. 1948-இல் தொடங்கிய தூய மரியன்னை கல்லூரியும், 1951-இல் எழுந்த வ.உ.சி. கல்லூரியும் பள்ளியிறுதி வகுப்பு தேறியவரை நேரே ஏற்றுக்கொண்டன. 1978-இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கு வரும் வரை பதினாறு வயதினர் கல்லூரியில் அமர்ந்தனர். தமிழில் படித்து வந்த முதல் தலைமுறைப் பிள்ளை, திடுமென ஆங்கில விரிவுரை கேட்டுத் திகைத்த காட்சியை அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். கதவை முன்கூட்டித் திறந்தார்கள். படியை மட்டும் உயரமாகவே வைத்தார்கள்.

விரைவு யாருக்கு? இதுவே நாம் கேட்பது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு விரைந்து வெளியேறினால் கல்லூரிக்குப் போகிறான். உப்பளத் தொழிலாளியின் மகள் வெளியேறினால் பாத்திக்குப் போகிறாள். அரசுத் தேர்வு நடக்கும் மார்ச்சு, ஏப்ரல் திங்கள்கள் உப்பு வாரும் பருவம் என்பதையும் நினைவிற் கொள்க. 1953-இல் ஆச்சாரியார் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னாரே, அதுவும் ஒருவகை விரைவுதான்! தோணிக்காரன் மகனை விரைந்து தோணிக்கு அனுப்பும் திட்டம். தமிழகம் கொதித்தது; 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. பள்ளியைச் சுருக்குவோம் என்று எவர் வந்து சொன்னாலும், மீந்த நேரத்தில் எங்கள் பிள்ளை எங்கே இருப்பான் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆகவே முறையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, மாற்றிக் கேட்கிறோம். கட்டுரையைத் தமிழில் எழுதும் உரிமை வேண்டும். வீட்டிலிருந்து எழுதி அனுப்புதல் கூடாது. 2013-இல் நாணயத்தை நம்பியது சரியாக இருந்திருக்கலாம். 2022-க்குப் பின் எந்தத் தலைப்பிலும் பொறியே கட்டுரை எழுதித் தருகிறது, காசுள்ளவனுக்கு ஆளும் கிடைப்பான். எனவே ஊர்ப் பள்ளியின் கூடத்தில், வேண்டிய நூல்களை மேசைமேல் வைத்து, ஒரு பகல் முழுதும் எழுத விடுக. திருத்துவோர்க்குப் பெயரும் ஊரும் தெரியலாகாது. இட ஒதுக்கீட்டில் ஓர் இடமும் குறையலாகாது. கல்லூரி முதலாண்டில் தமிழிலும் விளக்கம் வேண்டும்.

இவற்றுக்கு முன்னதாக ஒன்று. வேம்பாரிலும் தருவைகுளத்திலும் புன்னைக்காயலிலும் உள்ள பள்ளிகளில் பாட வேளைக்குள்ளேயே நூலகம் திறந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறையேனும் பிள்ளைகள் தாமாக எழுதியதை ஆசிரியர் உட்கார்ந்து படித்துத் திருத்தித் தர வேண்டும். இரண்டாண்டு இது நடக்கட்டும். அதன் பிறகு தேர்வுக்கு நாள் குறியுங்கள்.