இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் வேண்டாம்

1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியபோது சி.சு. செல்லப்பா ஒரு விசித்திரமான நிபந்தனையைத் தனக்குத்தானே போட்டுக்கொண்டார். பத்திரிகை 2000 பிரதிகளுக்கு மேல் அச்சாகாது. இலக்கியப் பத்திரிகை ஆரம்பிக்கிற யாருக்கும் முதல் கவலை, அச்சடித்த கட்டு பரணில் தூங்கிப்போகுமே என்பதுதான். செல்லப்பாவின் கவலை நேர் எதிர்த்திசையில் இருந்தது. ஒருவேளை நிறையப் பேர் வாங்கிவிட்டால்?

கடை திறக்கிற அன்றைக்கே “கூட்டம் சேர்ந்தா ஷட்டரை இறக்கிடுவேன்” என்று போர்டு மாட்டுகிற மாதிரி இருக்கிறது இது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1970 வரை 119 இதழ்கள் வந்த ‘எழுத்து’, அந்த உச்சவரம்பின் பக்கத்தில்கூடப் போனதில்லை. அதன் வாசகர்களைச் சில நூறுகளில் எண்ணிவிடலாம். வராத கூட்டத்துக்கு எதற்கு ஷட்டர்?

இதற்கு இரண்டு ரெடிமேட் பதில்கள் இருக்கின்றன. சிற்றிதழ் மரபின் பதில்: அது கொள்கை, சமரசமின்மை, தவம். இன்றைய ரீல்ஸ் உளவியலின் பதில்: அது ‘வெற்றி பயம்’, செல்லப்பா தன்னைத்தானே தடுத்துக்கொண்டார், நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்கள், இந்த ஐந்து வழிகளைப் பின்பற்றுங்கள். இரண்டு பதில்களையும் நான் சந்தேகப்படுகிறேன். முதலாவது பயத்துக்கும் மாலை போட்டுவிடுகிறது. இரண்டாவது எல்லா மறுப்பையும் வியாதி ஆக்கிவிடுகிறது. எழுத வருகிற ஒருவருக்கு இரண்டாலும் கெடுதல்தான்.

வெற்றியைக் கண்டு மனிதர்கள் உடைந்துபோவதைப் பற்றி ஃப்ராய்ட் 1916-இல் எழுதினார். தோல்வியில் நொறுங்குகிறவர்களைப் புரிந்துகொள்ளலாம், நினைத்தது கைகூடிய அன்றைக்குப் படுத்துவிடுகிறவர்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பது அவர் கேள்வி. அவர் காட்டும் ஓர் உதாரணம் ஒரு பேராசிரியர். தன் குருவின் இடத்துக்கு வரவேண்டும் என்று வருஷக்கணக்காக ஆசைப்பட்டவர். குரு ஓய்வு பெறுகிறார், சகாக்கள் இவரையே தேர்ந்தெடுக்கிறார்கள். உடனே தயக்கம், எனக்குத் தகுதியில்லை என்ற புலம்பல், பிறகு எந்த வேலைக்கும் லாயக்கில்லாமல் சில வருஷங்கள் நீண்ட மனச்சோர்வு. குருவின் நாற்காலியில் உட்காருவது குருவைத் தள்ளிவிட்டு உட்காருவதுபோல மனசின் அடியாழத்தில் ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது என்பது ஃப்ராய்டின் வாசிப்பு.

அரை நூற்றாண்டு கழித்து, 1960களின் பிற்பகுதியில், மட்டீனா ஹார்னர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களிடம் கதை எழுதச் சொன்னார். முதல் பருவத் தேர்வு முடிவில் ஆன் என்ற பெண் தன் மருத்துவக் கல்லூரி வகுப்பில் முதலிடம். இதிலிருந்து கதையைத் தொடரவேண்டும். ஆண்களுக்குக் கொடுத்த வரியில் ஆனுக்குப் பதில் ஜான். பெண்கள் எழுதிய கதைகளில் 65 சதவீதத்துக்கு மேல், ஆனுக்குக் கெட்டது நடந்தது. தோழிகள் ஒதுக்கினார்கள், கல்யாணம் ஆகவில்லை, குற்றவுணர்ச்சியில் படிப்பை விட்டாள். ஜானுக்கு அப்படி எழுதிய ஆண்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. பெண்களுக்குள் வெற்றியைத் தவிர்க்கும் ஓர் உந்துதல் இருக்கிறது என்று ஹார்னர் முடிவு கட்டினார். ஆய்வு பெரிய பரபரப்பானது.

ஆனால் அதில் ஒரு ஓட்டை. ஆண்களிடம் யாரும் ஆனைப் பற்றிக் கேட்கவே இல்லை. 1974-இல் வெளியான வேறொரு ஆய்வு பள்ளிப் பிள்ளைகளில் பையன்களுக்கும் ஆனைக் கொடுத்துப் பார்த்தது. அவர்களும் ஆனுக்குக் கெட்ட முடிவையே எழுதினார்கள். அப்படியென்றால் பயம் ஆனின் மனசுக்குள் மட்டும் இல்லை. முதலிடம் வருகிற பெண்ணை என்ன செய்வோம் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கதை எழுதிய பெண்கள் அந்த விலைப்பட்டியலைப் பார்த்துச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இந்த விலைப்பட்டியலுக்கு எங்கள் ஊரில் பழைய பெயர் ஒன்று உண்டு: திருஷ்டி. ஏம்பலத்தில், நெல்லும் கரும்புமாக இருக்கிற பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் எதிலும், கட்டி முடிக்காத வீட்டுக்கு முன்னால் வைக்கோல் பொம்மை நிற்கும். முடித்த வீட்டு வாசலில் பூசணிக்காய் தொங்கும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். எனக்கு முதல் வேலை கிடைத்தபோது அம்மா சொன்னது வாழ்த்து இல்லை. “ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிக்காத.” வந்த பிறகு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மூடநம்பிக்கை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு தெருவில் ஒருத்தன் மட்டும் மேலே போனால் அந்தத் தெருவுக்கும் அவனுக்கும் நடுவே என்ன நடக்கும் என்பதைப் பற்றிய அறிவு அதில் இருக்கிறது. கடன் கேட்பார்கள். கேட்டதைக் கொடுக்காவிட்டால் “பெரிய ஆளாயிட்டான்” என்பார்கள். கொடுத்தாலும் அதையேதான் சொல்வார்கள். வீட்டின் முதல் பட்டதாரிக்கு வெற்றி என்பது பெரும்பாலும் ஊரை விட்டுப் போவதுதான். பழைய மஹாராஷ்டிராவோ புது ஓ.எம்.ஆரோ, அவன் பஸ் ஏறியே ஆகவேண்டும்.

மஹாராஷ்டிரா என்று சொல்லக் காரணம் பாபு. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை யமுனாவுக்காகவே படித்துப் பழகிவிட்டோம். ஒருமுறை அதை மேடையைத் தள்ளிப்போடுகிறவர்களின் நாவலாகப் படித்துப் பாருங்கள். ரங்கண்ணா பெரிய ஞானஸ்தர், கச்சேரி உலகத்தின் பகட்டுக்குத் தள்ளி நின்று கும்பகோணத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பவர். பாபு அவரிடம் கற்கிறான். குரு இறக்கிறார். பாபு சென்னைக்குப் போய் வேலை பார்க்கிறான். அவன் பாடலாம், பாடவேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவன் இன்னும் இல்லை என்கிறான்.

ஃப்ராய்டின் பேராசிரியரை இங்கே பக்கத்தில் உட்காரவைக்கலாம். இரண்டு பேருக்கும் குரு உண்டு, குரு விட்டுப்போன இடம் உண்டு, தயக்கம் உண்டு. ஆனால் பேராசிரியருக்கு மிச்சமானது ஒரு நாற்காலி. பாபுவுக்கு மிச்சமானது ஒரு காது. அந்தக் காதுக்குத் தன் குரல் போதவில்லை என்று அவனுக்குத் தெரிகிறது. ஊரில் கேட்ட மராட்டியப் பாடகரின் குரல் எப்படி இருந்தது என்பது அவனுக்கு நினைவிருக்கிறது. எனவே அவனால் தன் குறைக்குப் பெயர் சொல்ல முடிகிறது: குரல்வளம். அதை எங்கே போய்ச் சரிசெய்வது என்பதும் தெரிகிறது. வாழ்நாள் ஆசையான யமுனா கிடைத்த பிறகும் அவன் நொறுங்கவில்லை, ரயில் ஏறுகிறான். நினைத்தது கிடைத்ததும் படுத்துவிடுகிற ஃப்ராய்டின் மனிதர்களுக்கு ஜானகிராமன் தெரியாமலே எழுதிய பதில் மாதிரி இருக்கிறது இது.

நாவலின் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. அது முடிகிறபோது பாபு இன்னும் கற்கப் போகிறவன்தான். தேர்ந்த குரலோடு மேடையில் உட்கார்ந்து, முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விடுவதைப் பார்க்கிற பாபுவை ஜானகிராமன் நமக்குக் காட்டவில்லை. கற்றுக்கொள்வதும் ஒளிந்துகொள்ள நல்ல இடம்தான் என்ற சந்தேகத்தை நாவல் தொடாமல் விட்டுவிடுகிறது. அந்தச் சந்தேகம் தமிழ் வாசகர்களுக்கு வராமல் போனதற்கு நம் விமர்சனமும் காரணம்.

நம் சிற்றிதழ் விமர்சனம் தோற்றவர்களை அப்படிக் கொண்டாடியிருக்கிறது. மௌனி மொத்தம் எழுதியது 24 கதைகள். அந்தக் கதைகளின் சாதனை வேறு, எண்ணிக்கையின் சிறுமை வேறு. ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவாக எழுதியதையே ஒரு சாதனைபோலச் சொல்லிச் சொல்லி, எழுதாமல் இருப்பதற்கு ஓர் ஒளிவட்டம் வந்துவிட்டது. ‘ஜனரஞ்சகம்’ வசவாக மாறியது. இரண்டாம் பதிப்பு வந்தாலே சந்தேகமாகப் பார்த்தோம். இந்தச் சூழலில் வளர்கிற ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ பயம் வந்தால் அதைப் பயம் என்று அடையாளம் காண வழியே இல்லை. ‘சமரசமின்மை’ என்ற சட்டை தயாராகத் தொங்குகிறது, எடுத்து மாட்டிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஏழு வருஷமாக ஒரு நாவலைக் கூகுள் டாக்ஸில் வைத்திருக்கிறார். என்ன குறை என்று கேட்டால் “இன்னும் செட் ஆகல” என்பார். எது செட் ஆகவில்லை என்பதற்கு ஏழு வருஷத்தில் ஒரு பெயர் கிடைக்கவில்லை. பாபுவுக்கும் அவருக்கும் உள்ள தூரம் அதுதான்.

ஆனால் எல்லாத் தயக்கத்தையும் இப்படி விசாரிக்கவும் முடியாது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தது. 2013-இல் ஆங்கிலத்தில் வந்து புது வாசகர்களிடம் போனது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு வெடித்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே ஃபேஸ்புக்கில் அறிவிக்கவேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே அவர் எழுத்துக்குத் திரும்பினார். சொந்த ஊரைப் பற்றி, சொந்தச் சாதியைப் பற்றி எழுதுகிற ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, என் புத்தகம் ரொம்பப் பேருக்குப் போகாமல் இருந்தாலே நல்லது என்று நினைத்தால் அவரை எந்த மனநல ஆலோசகரிடம் அனுப்புவது? அவர் ஹார்னரின் ஆன். விலைப்பட்டியல் படிக்கத் தெரிந்தவர். பெண்ணோ தலித்தோ எழுதும்போது அந்தப் பட்டியல் இன்னும் நீளம். அங்கே மாற்றவேண்டியது ஊரை. எழுதுகிறவரிடம் போய் “உன் பயத்தை வெல்” என்று சொல்வது அநியாயம்.

ஆக, மறுப்பில் குறைந்தது மூன்று வகை இருக்கிறது. விலையை அறிந்து தயங்குவது. குறையை அறிந்து தள்ளிப்போடுவது. எதையும் அறியாமல், அறிய விரும்பாமல் ஒளிவது. மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே: புத்தகம் வரவில்லை. அதனால் விமர்சகன் வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு, மறுத்த பிறகு அந்த ஆள் என்ன செய்தார் என்று பார்க்கவேண்டும்.

நான் வேலை பார்க்கிற துறையில் ரேட் லிமிட் என்று ஒன்று உண்டு. ஒரு சர்வர் நிமிஷத்துக்கு இத்தனை கோரிக்கைகளுக்குத்தான் பதில் சொல்லும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார்கள். அதற்கு மேல் வந்தால் ‘இப்போ முடியாது, அப்புறம் வா’ என்று ஒழுங்காகப் பதில் வரும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த வரம்பே அடையாளம். இன்னொரு வகை சர்வர் இருக்கிறது. வரம்பு என்று எதுவும் எழுதியிருக்காது. கூப்பிட்டால் பதில் வராது, மறுப்பும் வராது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

செல்லப்பாவின் 2000 முதல் வகை. அவர் அதை ஒளிக்கவில்லை, அச்சடித்துச் சொன்னார். பத்திரிகை அலுவலகங்களில் வேலை பார்த்தவர். விற்பனை எண் ஆசிரியனின் கையை எப்படி முறுக்கும் என்று தெரிந்தவர். வரம்பைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து அவர் செய்த வேலையைப் பாருங்கள். பதினோரு வருஷத்துக்கு மேல் பத்திரிகை. புதுக்கவிதைக்குத் தமிழில் ஓர் இடம். 1962-இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளோடு ‘புதுக்குரல்கள்’. பிறகு பதிப்பித்த புத்தகங்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக விற்கப் போனார். வாசகனைக் கண்டு பயந்தவர் செய்கிற காரியம் இல்லை அது. எத்தனை பேர் என்பதற்குத்தான் அவர் வரம்பு போட்டார். இருக்கிற ஒவ்வொருவரிடமும் நடந்துபோக அவருக்குக் கால் வலிக்கவில்லை.

அவருக்குப் பின்னால் வந்த நாம் அவரிடமிருந்து உச்சவரம்பை எடுத்துக்கொண்டோம், மூட்டையை எடுத்துக்கொள்ளவில்லை. நூறு பேர் படித்தால் போதும் என்கிறோம். அந்த நூறு பேரைத் தேடிப் போவதில்லை. வைரலை வெறுக்கிறோம், பதிவு போட்டுவிட்டுப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறோம்.

செல்லப்பாவின் பயத்திலும் ஒரு பிழை இருந்தது, அதைக் காட்டியது அவருடைய புத்தகமே. ‘எழுத்து’ தொடங்கிய அதே 1959-இல் வந்த குறுநாவல் ‘வாடிவாசல்’. இன்று அது பதிப்புக்கு மேல் பதிப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் வந்துவிட்டது, சினிமாவாகும் என்ற அறிவிப்பும் வந்தது. இலக்கியச் சண்டை எதிலும் அக்கறை இல்லாத பிள்ளைகள் பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்த 2000-ஐ அது கடந்து எவ்வளவோ காலம் ஆகிறது. காரிக் காளையின் மேல் ஒரு ரோமம்கூட அதனால் உதிரவில்லை. 1998-இல் செல்லப்பா இறந்தார். 2001-இல் ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது கொடுத்தார்கள், வாங்கிக்கொள்ளவோ வேண்டாம் என்று சொல்லவோ அவர் இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் சிலரிடம் இப்படி ஒரு கூகுள் டாக்ஸ் இருக்கும். அதை நாளைக்கே வெளியிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. எதற்காக நிறுத்திவைத்திருக்கிறீர்கள் என்று ஒரே ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். ஊர் கேட்கும் விலை என்றால் அதை எழுதுங்கள். குரல் போதவில்லை என்றால் எந்த ஸ்வரத்தில் என்று எழுதுங்கள். அந்த வரி வரவே மாட்டேன் என்றால், செல்லப்பாவின் பெயரையோ மௌனியின் பெயரையோ அந்த இடத்தில் நிரப்பாதீர்கள்.