நீருக்கடியில் ஒரு நிலா: ஆர்வெல்லின் பப்பும் உயிருள்ள பியரும்

1946 பிப்ரவரியில் ஜார்ஜ் ஆர்வெல் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் ‘தி மூன் அண்டர் வாட்டர்’ என்றொரு சின்னக் கட்டுரை எழுதினார். தனக்குப் பிடித்த பப் பற்றிய கட்டுரை. ‘விலங்குப் பண்ணை’யையும் ‘1984’ஐயும் மட்டும் படித்துவிட்டு ஆர்வெல் என்றால் சர்வாதிகாரம், கண்காணிப்பு என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் திகைத்துப்போவார்கள். பியரை எந்தக் குவளையில் ஊற்ற வேண்டும், பரிமாறும் பெண்மணி வாடிக்கையாளரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதிலெல்லாம் மனுஷன் அவ்வளவு கறார்.

அந்த பப் பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டு நிமிட நடைதான். ஆனால் பக்கத்துச் சந்தில் இருப்பதால் குடித்துவிட்டு ரகளை செய்பவர்கள் அங்கே வழி தவறிக்கூட வருவதில்லை. ரேடியோ கிடையாது, பியானோ கிடையாது, நிம்மதியாகப் பேசலாம். குளிர்காலத்தில் கணப்பு எரியும். மதியச் சாப்பாடு உண்டு. தபால்தலையும் ஆஸ்பிரினும்கூடக் கிடைக்கும். பின்னால் தோட்டம், அதில் பிள்ளைகள் விளையாடுவார்கள். இப்படி வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் கையை விரிக்கிறார்: அப்படி ஒரு பப் கிடையவே கிடையாது. தான் சொன்ன பத்துத் தகுதிகளில் எட்டு உள்ள ஒன்றைத் தெரியும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையைப் பலரும் பழைய நல்ல காலத்தின் சான்றிதழ் மாதிரி எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடு இல்லை. இழந்துபோன பப்பைப் பற்றி ஆர்வெல் இங்கே எழுதவில்லை, எந்தக் காலத்திலும் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறார். பப் அழிகிறது என்ற புலம்பலும் புதிதல்ல. போல்டன் நகரத்து பப்களை மாஸ் அப்சர்வேஷன் குழுவினர் ஆராய்ந்து எழுதிய புத்தகத்துக்கு 1943-இல் அவரே ஒரு மதிப்புரை எழுதினார். கூடிப் பேசிப் பொழுதுபோக்கிய மக்களை சினிமாவும் ரேடியோவும் சும்மா உட்கார்ந்து பார்க்கவும் கேட்கவும் வைத்துவிட்டன என்பது அதில் அவர் வருத்தம். ரேடியோ என்ற இடத்தில் நெட்ஃபிளிக்ஸ் என்று போட்டால் நேற்று எழுதியது போலிருக்கும்.

அதற்காக அழிவு வெறும் பிரமை என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2008-இல் ஏறக்குறைய 50,000 ஆக இருந்த பப்கள் பத்தே ஆண்டில் 39,000 ஆகிவிட்டன. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை சின்னவை. பெரியவை தப்பித்தன, சில இன்னும் பெரிதாயின. காரணங்களை எல்லாரும் சொல்கிறார்கள்: வரி, சூப்பர்மார்க்கெட்டின் மலிவு பியர், 2007-இல் இங்கிலாந்தில் வந்த புகைத் தடை. இவற்றில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அதிகம் பேசப்படாத இன்னொன்று இருக்கிறது. பெரிய பியர் ஆலைகளின் பிடியிலிருந்து பப்களை விடுவிக்க 1989-இல் அரசு ஒரு உத்தரவு போட்டது. 2,000-க்கு மேல் பப் வைத்திருந்த ஆலைகள் அவற்றில் பலவற்றைக் கைகழுவின. வாங்கியவர்கள் யார்? பியர் காய்ச்சத் தெரியாத, வாடகை வசூலிக்க மட்டும் தெரிந்த கம்பெனிகள். அவர்கள் கண்ணுக்கு ஒரு பப் என்பது நகர நடுவில் இருக்கும் நல்ல மனை.

இப்போது பியருக்கு வருவோம். ஆர்வெல் பியரை இரண்டாவதாகத்தான் வைத்தார். அவருக்கு அந்த இடத்தின் சூழல்தான் முதலில். 1971-இல் நான்கு இளைஞர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். அவர்கள் தொடங்கிய இயக்கம்தான் கேம்ரா. அது காப்பாற்ற வந்ததன் பெயர் ‘ரியல் ஏல்’. அன்றைக்கு வாட்னீஸ் ரெட் பேரல் போன்ற கெக் பியர்கள் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தன. வடிகட்டி, சூடாக்கி, உள்ளிருக்கும் ஈஸ்ட்டைக் கொன்று, கார்பன் டை ஆக்சைடால் தள்ளி ஊற்றும் பியர். எங்கே குடித்தாலும் ஒரே ருசி. கேம்ராவின் முதல் வழிகாட்டிப் புத்தகத்தில் வாட்னீஸ் பியரைக் கொள்ளைநோயைப் போல் தவிர்க்கச் சொல்லி அச்சடித்து, பிறகு பயந்துபோய் வார்த்தையை மாற்றினார்கள் என்பது இயக்கத்தின் செல்லக் கதை.

டைகரையும் கார்ல்ஸ்பெர்க்கையும் ஐஸ் கட்டி போட்டுக் குடிக்கும் நம்மூர் ஆட்களுக்கு ரியல் ஏலை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். முதல் வாயிலேயே “என்னங்க, பியர் சூடா இருக்கு” என்பார்கள். சூடெல்லாம் இல்லை, 12 பாகை செல்சியஸ் இருக்கும். ஆலையிலிருந்து பீப்பாய் வரும்போது பியர் இன்னும் முடியவில்லை. உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, நொதித்தல் நடந்துகொண்டிருக்கிறது. பப்பின் நிலவறையில் அதை அசையாமல் கிடத்தி வைக்க வேண்டும். பீப்பாயின் மேல் துளையில் மென்மையான மர ஆப்பு ஒன்றைச் செருகினால் அதிகப்படியான வாயு மெல்ல வெளியேறும். போதும் என்று தோன்றும்போது அதை எடுத்துவிட்டுக் கெட்டியான ஆப்பு. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் ஈஸ்ட்டைப் பிடித்து அடியில் படிய வைக்கும். பிறகு வெளிவாயு எதுவும் இல்லாமல் கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். எப்போது ஆப்பை மாற்றுவது, எப்போது திறப்பது என்பதை ஆலை முடிவு செய்வதில்லை, நிலவறைக்காரர் முடிவு செய்கிறார். அதாவது, பியரைக் காய்ச்சும் வேலையின் கடைசிப் பகுதி பப்பிலேயே நடக்கிறது.

பொறியாளனாக எனக்கு இதில் பிடித்தது வேறு விஷயம். பியர் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரும். காற்றில் ஆக்சிஜன். திறந்த பீப்பாய் மூன்று நாளில் முடியாவிட்டால் புளிக்க ஆரம்பித்துவிடும். வழக்கமான ‘ஃபெர்கின்’ பீப்பாய் 9 கேலன், 72 பைண்ட். எனவே ஒவ்வொரு வகை ஏலுக்கும் ஒரு பப் நாளொன்றுக்கு 24 பைண்ட் விற்றாக வேண்டும். ஆள் குறைந்தால் பீப்பாய் மெதுவாகக் காலியாகும், பியர் கெடும், கெட்ட பியரைக் குடித்தவர் மறுமுறை வரமாட்டார், ஆள் இன்னும் குறையும். கட்டுப்பாட்டியல் வகுப்பில் இதற்கு ‘பாசிட்டிவ் ஃபீட்பேக்’ என்று பெயர். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், ஆளை விழுங்கும் சுழல் அது. கெக் பியருக்கு இந்தத் தொல்லை இல்லை, வாரக்கணக்கில் காத்திருக்கும்.

ஆகவே ஆர்வெல்லும் கேம்ராவும் எதிரெதிர் முனையில் நிற்பதாகத் தோன்றுவது மேலோட்டமான பார்வை. நாலு பேர் தினமும் வந்து உட்காரும் இடம் இல்லையென்றால் ரியல் ஏல் கிடையாது.  அதன் கவர்ச்சியே எனக்கு அங்கேதான் இருக்கிறது: கூட்டாளிகள் இல்லாமல் ருசிக்காத பானம், அதுவும் ரசாயனக் காரணத்தால்!

ஆனால் அந்த நாலு பேர் யார்? இங்கேதான் ஆர்வெல்லிடம் எனக்குச் சண்டை. அவருடைய கனவு பப்பில் பப்ளிக் பார், சலூன் பார், பெண்களுக்கென ஒரு பார் என்று தனித்தனி அறைகள் உண்டு. அந்தத் தடுப்புகளை அவர் ரசித்து எழுதுகிறார். இருபது வருஷம்கூட ஆகவில்லை, அதே மாதிரித் தடுப்புகள் இன்னொரு வேலைக்குப் பயன்பட்டன. பர்மிங்ஹாமுக்குப் பக்கத்திலுள்ள ஸ்மெதிக்கில் வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபியர்கள் சில பப்களில் குறிப்பிட்ட அறையில் மட்டுமே குடிக்கலாம், சிலவற்றில் நுழையவே முடியாது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜௌல் இதை எதிர்த்துப் போராடினார். 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸை ‘புளூ கேட்ஸ்’ பப்புக்கு அழைத்துப்போனவர் அவர்தான். ஸ்மோக் ரூமில் அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து மால்கம் எக்ஸ் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் வந்த இன உறவுச் சட்டம் பப் போன்ற பொது இடங்களில் இப்படி ஒதுக்குவதைத் தடை செய்தது. ‘சூழல்’ என்ற சொல்லை இதற்குப் பிறகு அவ்வளவு வெள்ளந்தியாகச் சொல்ல முடியுமா?

நமக்கு இந்த ஏக்கம் ஒட்டாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்தில் வெள்ளைக்காரன் நமக்கு விட்டுவைத்த ‘பப்’ கள்ளுக்கடை. 1947-இல் கெடாவில் தொண்டர் படை அதை எதிர்த்துத்தான் எழுந்தது. கள்ளும் உயிருள்ள பானம்தான், ஒரு நாள்கூடத் தாங்காது. ஆனாலும் அதைக் காப்பாற்ற இயக்கம் தொடங்க வேண்டும் என்று நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் நியாயம் இருக்கிறது.

ஆர்வெல்லின் பெயரில் லாபம் பார்த்தவர்கள் வேறு பக்கம். 1979-இல் டிம் மார்ட்டின் தொடங்கிய வெதர்ஸ்பூன் சங்கிலி தன் கிளைகள் பலவற்றுக்கு ‘மூன் அண்டர் வாட்டர்’ என்றே பெயர் வைத்தது. மான்செஸ்டரில் பழைய சினிமா தியேட்டர் ஒன்றையே அந்தப் பெயரில் பிரம்மாண்டமான பப்பாக மாற்றினார்கள். இசை கிடையாது, மலிவு விலை, கைப்பம்பில் ஏல். பட்டியலில் நிறைய டிக் விழும். என்றாலும் பட்டியலை மட்டும் படித்துவிட்டுக் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படிக்காமல் விட்டவர்களின் வேலை அது.

அந்தக் கடைசிப் பத்தியில் ஆர்வெல் வாசகர்களிடம் கேட்பது இதுதான்: இப்படி ஒரு பப் தெரிந்தால் சொல்லுங்கள், அதன் பெயர் ‘ரெட் லயன்’ என்பதுபோல் சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை. டேவிட் ஜேசுதாசன் எழுதி 2023-இல் வந்த ‘தேசி பப்ஸ்’ புத்தகத்தை அதற்குப் பதிலாக நீட்டலாம் என்று நினைக்கிறேன். ஆசிரியர் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெளியிட்டதோ அதே கேம்ரா. உள்ளூர்க்காரர்கள் கைவிட்டு மூடவிருந்த பல பப்களை, ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் சமூகத்து ஆட்கள் எடுத்து நடத்தும் கதை அதில் இருக்கிறது. ஸ்மெதிக்கை அடுத்த வெஸ்ட் பிராம்விச்சில் அப்படியொரு பப் இருக்கிறது, பஞ்சாபிக் குடும்பம் நடத்துகிறது. மிக்ஸ்ட் கிரில் அங்கே பிரபலம். பெயர், ரெட் லயன்.