அடுக்களையில் ஒரு துறவி

புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலியில் நாம் எடுக்கும் தீர்மானங்களுள் பல, தவக்காலம் வருமுன்னரே வாடிவிடுகின்றன. அதன் காரணத்தை ஆராய விழைவோர் சகோதரர் லாரன்சின் 'இறைப்பிரசன்னப் பயிற்சி' என்னும் சிறு நூலை வாசிப்பது நலம். லொரேன் நாட்டில் பிறந்து, போர்வீரராயிருந்து காயமுற்று, பின்பு பாரிசில் கார்மேல் மடத்தில் சேர்ந்து, 1691-இல் இறைவனடி சேர்ந்தவர் அவர். அவர்தம் உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்தளித்தவர் ஜோசப் தெ பொஃபோர் என்னும் குரு.

ஏறத்தாழ 15 ஆண்டுகள் சமையலறையில் உழைத்தவருக்கு அவ்வேலை இயல்பிலேயே பிடிக்காதது என்பதை நூல் மறைக்கவில்லை. முதல் 10 ஆண்டுகள் தாம் மிகவும் துன்புற்றதை அவரே எழுதுகிறார். இறைநினைவு நழுவியபோதெல்லாம் அவர் தம்மையே நொந்துகொண்டிராமல், மீண்டும் ஆண்டவரிடம் திரும்பினார். நம்மிடம் இல்லாதது இந்தத் திரும்புதலே. குடும்பச் செபம் இரு நாள் தவறினால், மூன்றாம் நாள் அதை மறந்தேவிடுகிறோம்.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலாது. மடத்து அடுக்களையிலும் ஆரவாரம் உண்டு. ஆனால் அங்கே செபத்திற்கென நேரம் வகுக்கப்பட்டிருந்தது. நம் இல்லங்களின் அடுக்களைக்கு அத்தகைய ஒழுங்கு இல்லை. அதைப் பற்றி நூல் பேசவுமில்லை. "அடுப்படியே உமக்கு ஆலயம்" என்று வீட்டுப் பெண்களிடம் கூறிவிட்டு, மற்றவர் மட்டும் திருப்பலிக்குச் செல்வது இந்நூலைத் தவறாகக் கற்பதாகும். சகோதரர் லாரன்ஸ் பாத்திரங்களைத் தாமே கையிலெடுத்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. இவ்வாண்டு நம் வீடுகளிலும் அவ்வேலை எல்லாக் கைகளுக்கும் உரியதாகட்டும். அப்போது செபவேளையும் எல்லாருக்கும் உரியதாகும்.