அம்மீட்டர் முள்ளும் ஒரே உதையும்

பழைய ராயல் என்ஃபீல்ட் புல்லட்டை ஸ்டார்ட் பண்ணுவதற்கு உடல் பலம் தேவையில்லை. முதலில் சாவியைத் திருப்ப வேண்டும். கிக்கரை மெதுவாக மிதித்தபடி, ஹெட்லைட்டின் மேல் பதித்திருக்கும் சின்ன அம்மீட்டரைக் கவனிக்க வேண்டும். முள் இடப்பக்கம் சாய்ந்து ஆடும். நடுவுக்கு வந்து நின்றால் பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது இடக்கையால், சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரை இழுத்து, கிக்கரை ஒரு விரற்கடை மட்டும் அழுத்தி, இரண்டையும் விட்டுவிட வேண்டும். பிறகு ஒரே உதை. முரட்டுத்தனமாக மிதிப்பவனைக் கிக்கர் திருப்பி உதைக்கும்.

1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோடு கைகோத்தது. புல்லட்டைத் தயாரிக்கத் திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் நம் வடசென்னையில் உற்பத்தி நிற்கவில்லை. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பழைய அமைப்பும் பல்லாண்டு நீடித்தது.

பழைய புல்லட்டின் 346 சிசி இன்ஜினில் துளை 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90. நீண்ட ஓட்டமும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்ததால்தான் அந்த நிதானமான 'டுக் டுக்'. சைலன்சரை மாற்றித் தெருவை அலறவைப்பவர்களுக்கு இந்தத் தாளத்தின் அருமை புரியவில்லை என்பேன். டேங்கில் ஓடும் பொன்நிறக் கோட்டையும் பாருங்கள்: டேப் ஒட்டாமல், அளவுகோல் வைக்காமல், தூரிகையை ஒரே மூச்சில் இழுத்துக் கையால் போட்டது. முடியும் இடத்தில் கோடு சற்றே மெலிந்திருக்கும்.